ஆர்தரா, ஆல்பிரடா, ஓர்மா: முதலில் எதைப் படிப்பது?

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒன்பது பேர். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். எல்லோருமே பல்லவர், சோழர் காலத்துச் சரித்திரக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். போன தை மாதம் பேச்சு வேறு பக்கம் போனது. நம் ஊரில் சோழர்கள் தலையெடுத்த அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் வடகடல் ஓரத்திலும் என்ன நடந்துகொண்டிருந்தது, அதை வைத்து எழுதிய நாவல்களில் எதை எடுத்துப் படிக்கலாம் என்று எங்களிலேயே இளையவளான கல்லூரி மாணவி கேட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரே தேர்வு. எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

ஐந்து பெயர்கள் வந்தன. பெர்னார்ட் கார்ன்வெல் எழுதிய 'த லாஸ்ட் கிங்டம்' தொடர், அவரே எழுதிய 'த விண்டர் கிங்' முதலான, பிரிட்டனின் புராண அரசர் ஆர்தரின் கதை மூன்று பாகம், கை கேவ்ரியல் கேயின் 'த லாஸ்ட் லைட் ஆஃப் த சன்', சுவீடன்காரர் பிரான்ஸ் பெங்ட்ஸனின் 'த லாங் ஷிப்ஸ்', நிக்கோலா கிரிஃபித்தின் 'ஹில்ட்'. ஐந்தையும் நான் ஏற்கெனவே படித்திருந்ததால் ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அன்று சொன்னதையும், பிறகு மற்றவர்கள் படித்துவிட்டுச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால் அந்நியத்தன்மை பாதி போய்விடும். இங்கிலாந்தின் தென்பகுதியில் இருந்த வெஸ்ஸெக்ஸ் நாட்டு அரியணையில் ஆல்பிரட் ஏறியது 871இல். இங்கே விஜயாலய சோழனுக்குப் பிறகு முதலாம் ஆதித்தன் பட்டத்துக்கு வந்ததும் 871ஐ ஒட்டித்தான் என்பது நீலகண்ட சாஸ்திரியின் கணக்கு. கடல் கடந்து வந்து தாக்கிய டேனியர்களை, அதாவது வைக்கிங்குகளை, ஆல்பிரட் எடிங்டனில் முறியடித்தது 878இல். திருப்புறம்பியம் போர் அதற்குச் சில ஆண்டுகள் தள்ளி. இரண்டு சிறிய அரசுகள், இரண்டும் பெரிய வல்லரசுகளாக வளரப் போகிறவை, ஒரே சமயத்தில் தலைதூக்கியிருக்கின்றன. ஆங்கிலேயரின் முன்னோர் எழுதிவைத்த ஆங்கிலோ சாக்சன் வரலாற்றேட்டில் 883ஆம் ஆண்டின் கீழ் ஒரு குறிப்பும் இருக்கிறது. ஆல்பிரட் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமையாருக்கும் காணிக்கை அனுப்பினார் என்று. அந்தக் காணிக்கையோடு புறப்பட்டவர்கள் உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனாலும் அந்த ஒரு வரியைப் படித்த நாள் முதல் ஆல்பிரட் எனக்கு முழு அந்நியராகத் தெரிவதில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். இந்த வகை நாவல்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். கதைக்குள் மாயம் இருக்கலாமா? எங்கள் மாடியிலும் அதேதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், "சரித்திரம்னா சரித்திரமா இருக்கணும், தேவதை வந்தா நான் புத்தகத்தை மூடிடுவேன்" என்றார். மாணவிக்கு நேர்மாறான ஆசை. மந்திரமில்லாத ஆர்தர் கதை அவளுக்கு எதற்கு? நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சகுனமும் சாபமும் மழை, வெயில் மாதிரி. மாயம் உண்டா இல்லையா என்று தேடுவதைவிட, அந்த நம்பிக்கையை எழுத்தாளர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்தால்தான் ஐந்து புத்தகங்களும் தனித்தனியாகத் தெரியும். நான் தேர்ந்தெடுத்ததும் அதை வைத்துத்தான்.

கேயின் புத்தகத்தை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் முதலில் வேண்டாம் என்றேன். அது மோசம் என்பதால் இல்லை. 2004இல் வந்த இந்த நாவலில் ஆல்பிரட் இருக்கிறார், ஆனால் அவர் பெயர் ஏல்ட்ரெட். ஆங்கிலோ சாக்சன்கள் ஆங்கில்சின் ஆகிறார்கள், வேல்ஸ்காரர்கள் சிங்கேல், வைக்கிங்குகள் எர்லிங். வானத்தில் இரண்டு நிலவுகள். வரலாற்றை ஒரு கால் அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டு எழுதுவது கேயின் வழி. உண்மையில் வாழ்ந்தவர்களின் மனதுக்குள் புகுந்து, இவர் இப்படித்தான் நினைத்தார் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். எனக்கு அது நேர்மையான காரணமாகப் படுகிறது.

கதையின் தொடக்கமே அழகு. ஒரு தீவின் ஆளுநர் இறந்துபோகிறார். அவர் வாங்கிய அருமையான குதிரையை அவரோடு சேர்த்து எரிக்க வேண்டும். அதற்கு முந்தின இரவு ஓர் இளைஞன் அந்தக் குதிரையைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். வேறோர் இடத்தில், எர்லிங்குகள் தாக்கிய இரவில் அண்ணனைப் பறிகொடுத்த இளவரசன், அவனுடைய ஆன்மாவைத் தேவதைகளின் ராணி கொண்டுபோவதைக் கண்ணால் பார்க்கிறான். இந்தக் கதையில் தேவதைகள் நிஜம். மதகுருமார் மறுத்தாலும் நிஜம். நடுநடுவே கே கதையை நிறுத்திவிட்டு, ஒரு நொடி வந்துபோகும் சிறிய மனிதர் ஒருவரின் மீதி வாழ்க்கை என்ன ஆனது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டுத் திரும்புவார். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் மனதில் நின்றன.

ஆனால் முதல் புத்தகமாக இது சரிவராது. ஆல்பிரட் யார், வேல்ஸ் மலைக்காரர்களுக்கும் சாக்சன்களுக்கும் என்ன பகை என்று தெரியாதவருக்கு, கே எதை எங்கே நகர்த்தியிருக்கிறார் என்பதே பிடிபடாது. மாற்றிப் பாடுவதை ரசிக்க மூலப்பாட்டு காதில் இருக்க வேண்டும். கேயை மட்டும் படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஸ்பெயினை வைத்து 1995இல் அவர் எழுதிய 'த லயன்ஸ் ஆஃப் அல் ரஸ்ஸான்' இன்னும் நல்ல வாசல் என்பேன். யூத மருத்துவர் ஒருத்தி, இஸ்லாமியக் கவிஞர் ஒருவர், கிறிஸ்தவத் தளபதி ஒருவர் என்று மூவரையும் (எல்லாம் வேறு பெயர்களில்தான்) அவர் ஒன்றுசேர்த்துப் பிரித்து வைக்கும் விதம், முன்னறிவு இல்லாதவரையும் பிடித்து இழுத்துவிடும்.

அடுத்து 'த லாஸ்ட் கிங்டம்'. ஐந்தில் பெயர் அதிகம் தெரிந்தது இதுதான். 2015 முதல் 2022 வரை தொலைக்காட்சித் தொடராக வந்து, 2023இல் படமாக முடிந்தது. புத்தகங்கள் 2004இல் தொடங்கி 2020 வரை மொத்தம் 13. வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியா நாட்டின் கடலோரக் கோட்டையான பெபன்பர்க், இன்றைய பாம்பரோ, அதன் வாரிசு உத்ரெட். சாக்சன் ரத்தம், டேனியர் வளர்ப்பு. பத்து வயதுப் பிள்ளையாக யார்க் போரில் தந்தையை இழக்கிறான். அந்த ஆத்திரத்தில் தன் சின்ன வாளை ஓங்கிக்கொண்டு ஒரு டேனியத் தலைவன் மேல் பாய்கிறான். அந்தத் தலைவன் ரக்னார் வாய்விட்டுச் சிரிக்கிறான், பையனைப் பிடித்துக்கொள்கிறான், பிறகு மகனாகவே வளர்க்கிறான். வளர்ந்த பின் உத்ரெட், தான் மனதார விரும்பாத ஆல்பிரடுக்காகத் தான் மனதார விரும்பும் டேனியரை எதிர்த்துப் போரிட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு முடிச்சுதான் தொடரை இழுத்துச் செல்கிறது. நல்ல முடிச்சு.

இதன் பின்னால் ஆசிரியரின் சொந்தக் கதையும் இருக்கிறது. கார்ன்வெல் தத்துப்பிள்ளை. எஸ்ஸெக்ஸில் மிகக் கண்டிப்பான ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். பிற்பாடு கனடாவில் தன்னைப் பெற்ற தந்தையைச் சந்தித்தபோதுதான் அந்தக் குடும்பம் பழைய பெபன்பர்க் உத்ரெட் வழி வந்தது என்று தெரியவந்திருக்கிறது. நாவலில் வரும் உத்ரெட் கற்பனைப் பாத்திரம், ஆனால் அந்தப் பெயர் அவருடைய குலப்பெயர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வேறொரு குடும்பத்தில் வளரும் பிள்ளையின் குழப்பத்தை அவர் எழுதிய பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். வேறு மாதிரி இருந்தது. பாதிரியார்களை அவர் நடத்தும் விதத்தில் தெரியும் கோபமும் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது.

போர்க்காட்சிகளில் இவரை அடிக்க ஆளில்லை. கேடயச் சுவர் என்றால் என்ன என்று நான் இவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு வரிசை ஆட்கள் கேடயத்தோடு கேடயம் உரச நிற்கிறார்கள். எதிராளியின் வாயிலிருந்து வரும் சாராய நெடி முகத்தில் அடிக்கும் அளவுக்கு நெருக்கம். நிதானத்தோடு அந்த வரிசைக்குள் போக யாருக்கும் தைரியம் வராது என்பதால் முதலில் குடிக்கிறார்கள். அந்த நெரிசலில் நீண்ட வாளை ஓங்கவே இடமிருக்காது. அதனால் உத்ரெட் இரண்டு வாள் வைத்திருக்கிறான். திறந்த வெளிக்குப் பெரியது, கேடயச் சுவருக்குள் கீழிருந்து குத்துவதற்கு ஒரு குட்டை வாள். நம் சரித்திரக் கதைகளில் வாள் சுழலும், மின்னும், நூறு பேரை ஒருவர் சாய்ப்பார். அதையே படித்து வந்த எனக்கு, போர் என்பது முதலில் தள்ளுமுள்ளு என்று தெரிந்தது பெரிய விஷயம்.

குறை என்று பார்த்தால் நீளம். பதின்மூன்றையும் படித்தவர்களில் பாதிப் பேர் ஐந்தாறு புத்தகங்களுக்கு மேல் ஒரே வார்ப்பாகிவிட்டது என்கிறார்கள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். யாரோ ஒரு டேனியத் தலைவன் வருவான், அரண்மனையில் ஒரு பாதிரியார் சதி செய்வார், உத்ரெட்டை அவமதிப்பார்கள், கடைசியில் கேடயச் சுவர். கோட்டையை மீட்கும் விஷயம் பத்தாவது புத்தகம் வரை இழுக்கிறது. கடைசிப் புத்தகம் 937இல் நடந்த புருனன்பர் போருக்கு வருகிறது. அப்போது உத்ரெட்டுக்கு எண்பது வயது இருக்க வேண்டும், அவரோ இன்னும் வரிசையில் நிற்கிறார். பிடித்தவர்களுக்கு இது பொருட்டில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. முதல் மூன்று புத்தகங்களோடு ஒருவர் நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. அதற்குள் அதெல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்து கிடக்கும் ஆல்பிரடும், அங்கிருந்து எழுந்து எடிங்டனில் ஜெயிக்கும் ஆல்பிரடும் வந்துவிடுவார்கள். வயிற்று நோயோடும், ஓயாத ஜெபத்தோடும், மெலிந்த உடம்போடும் நாட்டைக் காப்பாற்றும் அந்த அரசரை, அவரைப் பிடிக்காத ஒருவனின் வாயாலேயே நாம் மதிக்க நேர்வதுதான் இந்தத் தொடரின் உச்சம்.

நம்பிக்கை விஷயத்தில் உத்ரெட் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறான். பழைய தெய்வங்கள் அவனுக்குச் சொந்தம், கிறிஸ்தவம் கேலி. ஒரு குரலில் பதின்மூன்று புத்தகம் என்றால் அந்தச் சாய்வும் பதின்மூன்று மடங்காகிறது. எங்கள் வட்டத்தில் இருக்கும் கிறிஸ்தவ அக்கா ஒருவர் இரண்டு புத்தகம் படித்துவிட்டு, "என் சபையைத் திட்டுறது வருத்தமில்ல, எல்லாப் பாதிரியாரும் ஒரே மாதிரி இருக்கிறதுதான் வருத்தம்" என்றார். பியோக்கா என்ற அன்பான பாதிரியார் விதிவிலக்கு. இருந்தாலும் அக்கா சொன்னதில் நியாயம் உண்டு.

இப்போது 'த விண்டர் கிங்'. எழுத்தாளர் அதே கார்ன்வெல், ஆனால் ஒன்பது ஆண்டு முன்னால், 1995இல் எழுதியது. 'எனிமி ஆஃப் காட்', 'எக்ஸ்காலிபர்' என்று 1996, 1997இல் அடுத்த இரண்டும் வந்து கதை முடிந்துவிட்டது. தாம் எழுதியதில் தமக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான்.

ஆர்தர் இதில் அரசர் இல்லை. கைக்குழந்தையாக இருக்கும் மார்ட்ரெட்தான் அரசன். அந்தக் குழந்தை வளரும்வரை நாட்டைக் காப்பேன் என்று சத்தியம் செய்த தளபதி ஆர்தர். சத்தியத்தைக் காப்பாற்றுவதால் வரும் கேடுதான் மூன்று புத்தகமும். பழைய கதைகளில் மாவீரனாக வரும் லான்சலாட் இதில் வீரன் இல்லை, புகழ்பாடக் கவிஞர்களுக்குக் காசு கொடுத்த கோழை. ரோமானியர் விட்டுப்போன வீடுகள் இடிந்து நிற்கின்றன, குளியல் கூடங்களில் தண்ணீர் வரவில்லை, ஆனால் தரையில் பதித்த சித்திரக் கற்கள் அப்படியே கிடக்கின்றன. அதைச் செப்பனிடத் தெரிந்தவர் நாட்டில் யாருமில்லை. இதைப் படிக்கும்போது ஒரு நாகரிகம் கையைவிட்டு நழுவுவதை உணர முடிகிறது.

இங்கே எழுத்தாளருக்கு ஒரு வசதியும் உண்டு. ஆல்பிரடைப் பற்றிக் கூடவே இருந்த ஆசர் 893இல் வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கிறார், ஏடுகள் இருக்கின்றன. ஆர்தர் காலத்துக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ், ஆர்தர் வென்றதாகச் சொல்லப்படும் பேடன் போரைச் சொல்கிறார், ஆர்தர் பெயரைச் சொல்லவில்லை. ஆர்தரின் பன்னிரண்டு போர்களைப் பட்டியலிடும் ஏடு ஒன்பதாம் நூற்றாண்டில்தான் வருகிறது. நாம் களப்பிரர் காலம் என்றால் என்னவோ ஓர் இருட்டு என்று நினைக்கிறோமே, அந்த மாதிரி ஓர் இடைவெளி. கற்பனைக்கு அங்கேதான் நியாயமான இடம் கிடைக்கிறது.

தொடக்கக் காட்சியைச் சொல்கிறேன். கடுங்குளிர் இரவு. கோட்டைக்குள் இளவரசிக்குப் பிரசவ வலி, குழந்தை வரவில்லை. இளவரசி கிறிஸ்தவர் என்பதால் முதலில் பாதிரியார்கள் ஜெபிக்கிறார்கள். பலனில்லை. மாமனாராகிய பேரரசர் உத்தர் பொறுமையிழந்து, பழைய சமயத்துப் பெண்களை வரவழைக்கிறார். மந்திரவாதி மெர்லினின் சீடர் மோர்கன் வந்து பாதிரியார்களை வெளியே அனுப்புகிறார். தீய ஆவிகள் ஓடட்டும் என்று கோட்டை மதில் மேல் வீரர்கள் கேடயத்தில் வாளைத் தட்டி இரைச்சல் போடுகிறார்கள். குழந்தை பிறக்கிறது. ஒரு கால் திருகியிருக்கிறது. ஜெபம் பலித்ததா, மந்திரம் பலித்ததா, திருகிய கால் யாருடைய தண்டனை? கார்ன்வெல் சொல்வதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள், அந்தப் பதில்களுக்காகத்தான் பிறகு ரத்தம் சிந்துகிறது.

இந்தக் காட்சியை மாடியில் நான் தமிழில் சொல்லி முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் வட்டத்தில் மூத்தவரான ஓர் அம்மா சொன்னார்: "என் பெரியவன் பிறந்தப்போ ஆஸ்பத்திரியில டாக்டர் இருந்தாங்க. என் மாமியார் வீட்டுல குலசாமிக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சாங்க. ரெண்டுல எதனால நல்லபடி ஆச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணல." நான் அரை மணி நேரம் விளக்க முயன்றதை அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இந்த மூன்று புத்தகங்களிலும் மனிதர்கள் சகுனத் தடைக்கு எச்சில் துப்புகிறார்கள், இரும்பைத் தொடுகிறார்கள். எதிரி நட்டுவைத்த தலைகளின் வேலியைத் தாண்டப் படைவீரர்களே நடுங்குகிறார்கள். கறிக்குழம்பு கொடுத்து அனுப்பும்போது தூக்குவாளியோடு ஒரு கரித்துண்டோ இரும்புத்துண்டோ சேர்த்து அனுப்பும் பாட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. மாயம் வேண்டாம் என்கிறவர் இதை வெறும் நம்பிக்கை என்று படிக்கலாம். மாயம் வேண்டும் என்கிறவருக்கு மெர்லினும் அவருடைய சீடப்பெண் நிம்யுவும் போதும். அண்ணனும் மாணவியும் ஒரே புத்தகத்தைப் படிக்க முடிகிற ஒரே இடம் இதுதான் என்பதுதான் என் முக்கியமான வாதம்.

கதை சொல்கிறவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்வல் (ஆங்கிலத்தில் எழுத்து வேறு மாதிரி இருக்கும், உச்சரிப்பு இதுதான்) ஒரு காலத்தில் ஆர்தரின் படைத்தலைவன், இப்போது ஒற்றைக் கையோடு மடத்தில் கிழட்டுத் துறவி. மடத்தை ஆளும் ஆயருக்கு ஆர்தர் பெயரே ஆகாது. அதனால் டெர்வல், சாக்சன் மொழியில் பைபிளை எழுதுவதாகச் சொல்லிவிட்டு ரகசியமாக இந்தக் கதையை எழுதுகிறான். ஆயருக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. கேட்டு எழுத வைப்பவள் இளம் ராணி இக்ரேன். அவளுக்குக் கதை அழகாக வேண்டும், காதல் இன்னும் உருக்கமாக வேண்டும், நடந்தது அப்படியில்லை என்று டெர்வல் மறுக்கிறான். நாளைக்கு அவள் அதை மாற்றித்தான் எழுதுவாள் என்று அவனுக்கும் தெரியும். நாம் சிறுவயதில் கேட்ட ஆர்தர் கதை எப்படி உருவாகியிருக்கும் என்பது கண்முன்னே நடக்கிறது. ஓர் எழுத்தாளர் தான் படைத்த வகையின் மேலேயே இவ்வளவு பொறுப்போடு யோசித்திருப்பது எனக்கு ஆச்சரியம்.

எச்சரிக்கையும் வேண்டும். கொடூரம் நிறைய, பெண்கள் மேல் நடக்கும் வன்முறை உட்பட. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். முதல் எண்பது பக்கம் வேல்ஸ் மொழிப் பெயர்கள் குழப்பும். முன்பக்கத்துப் பாத்திரப் பட்டியலில் ஒரு விரல் இருக்கட்டும். (சாக்சன் கதைகளில் இதைவிடச் சங்கடம். எத்தெல்ரெட், எத்தெல்வோல்ட், எத்தெல்பிளெட், எத்தெல்ஸ்டன் என்று வரிசையாக வருவார்கள். எத்தெல் என்றால் உயர்குலம். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், நந்திவர்மன் என்று பிரித்துப் பழகியவர்கள் நாம், இங்கே முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும்.)

ஓய்வு பெற்ற அண்ணனின் கட்சி 'த லாங் ஷிப்ஸ்'. ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நானும் அவர் பக்கம் போய்விடுவேன். 1941இலும் 1945இலும் சுவீடிஷ் மொழியில் இரண்டு பாகமாக வந்தது, மைக்கேல் மேயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1954இல். பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இன்றைய தென் சுவீடனில் உள்ள ஸ்கோனே பகுதியைச் சேர்ந்த ஓர்ம் என்ற பையனை ஆட்டுத் திருட்டு ஒன்றில் வைக்கிங்குகள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போன இடத்தில் அவர்களோடு சேர்ந்துவிடுகிறான். பிறகு ஸ்பெயினில் சிறைப்பட்டுத் துடுப்படிமை, அப்புறம் கோர்டோபாவில் இஸ்லாமிய ஸ்பெயினை ஆண்ட அல்மன்சூரின் மெய்க்காவல் படை, பிறகு டென்மார்க், இங்கிலாந்து, கடைசியில் நீப்பர் ஆற்று வழியாகத் தங்கம் தேடிப் பயணம்.

போர்ப் புத்தகம் என்று நினைத்து எடுப்பவர்களுக்கு இதில் கிடைப்பது சிரிப்பு. அதுவும் முகத்தில் ஒரு தசை அசையாமல் சொல்லும் சிரிப்பு. நீலப்பல் ஹரால்ட் என்ற டேனிய அரசருக்குப் பல்வலி. (நம் கைபேசியில் இருக்கும் புளூடூத் இவர் பெயர்தான்.) அரசரின் பல்வலியால் நாடே நடுங்குகிறது, வைத்தியம் பார்க்க ஒரு பாதிரியார் மல்லாடுகிறார். குளிர்கால யூல் பண்டிகை விருந்துக் காட்சி எனக்கு மனப்பாடம். ஸ்பெயினில் இருந்தவரை மார்க்கக் கட்டுப்பாட்டால் பன்றிக்கறி சாப்பிடாமல் பல ஆண்டுகள் கழித்துவிட்டு வந்த ஓர்மும் அவன் நண்பன் டோக்கேயும் அரசர் பந்தியில் உட்காருகிறார்கள். தட்டில் கறி வருகிறது. அத்தனை கடல், அத்தனை போர் கடந்து வந்த அந்த ஆட்கள் முதல் வாய்க்கே உருகிப்போகிறார்கள். வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, அம்மா கையால் முதல் உருண்டை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் பக்கம் சிரிப்பாகவும் இருக்கும், தொண்டையும் அடைக்கும்.

மதமும் இதில் அப்படித்தான். ஓர்ம் எங்கே போகிறானோ அங்கே எந்தத் தெய்வத்துக்கு அதிர்ஷ்டம் அதிகமோ அதோடு ஒத்துப்போகிறான். யாரையும் ஆசிரியர் கேலிப் பொருளாக்கவில்லை, யாரையும் உயர்த்தவுமில்லை. மனதுக்குள் என்ன நினைத்தான் என்று எங்கேயும் எழுதுவதில்லை. செய்ததையும் சொன்னதையும் மட்டும் எழுதுகிறார், பழைய ஐஸ்லாந்துக் கதைகளின் முறை அது. அண்ணனுக்கு அதுதான் பிடித்தது. மாணவிக்கு அதுதான் பிடிக்கவில்லை: "எல்லாரையும் பிடிக்குது, யாரையும் நெருங்க முடியல." அடிமை வியாபாரத்தையும் பெண்களைத் தூக்கிப்போவதையும் அன்றாட விஷயம் போலச் சொல்லிச் செல்வதும் அவளுக்கு இடறியது. நாயகி யில்வா கூர்மையான வாய்க்காரி, இருந்தாலும் பெண்களுக்கு இந்த உலகில் இடம் குறைவுதான்.

அந்தக் குறைக்கு நேர் எதிரே நிற்பது 'ஹில்ட்'. 2013இல் வந்தது, 2023இல் 'மென்வுட்' என்று தொடர்ச்சியும் வந்தது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்து, விட்பி மடத்தை ஆண்ட புனித ஹில்டாவின் இளமைக்காலம். அவரைப் பற்றி 731இல் துறவி பீட் எழுதிவைத்த சில பக்கங்கள்தான் ஆதாரம். எட்வின் அரசரின் அவையில் ஹில்ட் என்ற சிறுமி வருங்காலம் சொல்கிறவள். ஆனால் அவளிடம் சக்தி எதுவுமில்லை. பறவைகள் எப்போது கிளம்புகின்றன, எந்த வியாபாரி எந்த ஊர்ச் செய்தி கொண்டுவந்தான், எந்த அமைச்சர் யார் பக்கத்தில் உட்காரவில்லை என்று கவனிக்கிறாள். கவனித்ததைக் குறியாகச் சொல்கிறாள். தவறினால் உயிர் போகும். தறியில் துணி நெய்யும் பெண்களின் உலகத்தை இவ்வளவு உள்ளிருந்து எழுதிய வேறொரு நாவலை நான் படித்ததில்லை. ஆனால் மெதுவான நடை, பழைய ஆங்கிலச் சொற்கள், கணக்கில்லாத பெயர்கள். எங்களில் மூன்று பேர் முயன்று இரண்டு பேர் பாதியில் வைத்துவிட்டார்கள். முடித்தவர் கிறிஸ்தவ அக்கா, இப்போது அதைத் தவிர வேறு பேச்சில்லை. தனியாக, அவசரமில்லாமல் படிப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஒன்பது பேர் மாதக் கணக்கு வைத்துப் படிக்க வேண்டுமென்றால் வேண்டாம்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டார்கள். தமிழ் வழியில் படித்து, ஆங்கில நாவல் பழக்கம் குறைவாக உள்ளவர்களுக்குக் கார்ன்வெல்லின் வாக்கியங்கள் எளிது. மேயரின் மொழிபெயர்ப்பு கொஞ்சம் பழைய மிடுக்கு, ஆனால் தெளிவு. கே வாக்கியங்களை வெட்டி வெட்டிப் போடுவார், பழக நேரமாகும். 'ஹில்ட்' நிச்சயம் கடினம். விலையும் ஒரு கணக்குதான். பதின்மூன்று புத்தகம் வாங்குவது எல்லோராலும் ஆகாது, மூன்று என்றால் ஒன்பது பேருக்கும் சுற்றுக்கு விடலாம்.

கை தூக்கிப் பார்த்ததில் 'த விண்டர் கிங்' பக்கம் ஆறு கை, 'த லாங் ஷிப்ஸ்' பக்கம் இரண்டு, 'த லாஸ்ட் கிங்டம்' பக்கம் ஒன்று. அந்த ஒரு கை தொலைக்காட்சித் தொடரை முழுதாகப் பார்த்த தம்பியுடையது. அவருக்கு நான் சொன்னது, தொடரைப் பார்த்தாகிவிட்டதால் உத்ரெட் எங்கும் போய்விட மாட்டான், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒப்புக்கொண்டார்.

இப்போது இரண்டாம் புத்தகம் முடிந்து மூன்றாவதில் இருக்கிறோம். அண்ணன் ஒரு தேவதையையும் பார்க்கவில்லை, மாணவி எண்ணிக்கை வைத்து ஏழு மந்திரம் பார்த்திருக்கிறாள், அது பற்றி மாதாமாதம் சண்டை. 'எக்ஸ்காலிபர்' கடைசி நூறு பக்கத்தை மட்டும் யாரும் வீட்டில் தனியாகப் படித்துவிட வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு ஆளுக்குப் பத்துப் பக்கமாக மாடியில் வாசிக்கப் போகிறோம். அதற்கு அடுத்த மாதம் அண்ணனின் ஓர்ம்.